பம்பரம் டீச்சர் பின்சுவரை இடித்த கதை

அந்தத் தெருவில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்த பட்டப்பேர் தெருவுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது: பம்பரம் டீச்சர். விளையாட்டு டீச்சர் என்பதற்காக மட்டும் வந்த பேர் இல்லை. டீயை நின்றுகொண்டே குடிப்பாள். போனில் பேச ஆரம்பித்தால், பேசி முடிப்பதற்குள் தெருக்கோடிக்குப் போய்த் திரும்பியிருப்பாள். "டீச்சர் உட்கார்ந்து நான் பார்த்தது பஸ்ஸுலதான். அங்கேயும் ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடியே எழுந்து நின்னுடுவாங்க" என்பாள் எதிர்வீட்டுக்காரி.

டீச்சருடைய அப்பாவுக்குப் பாலம் கட்டும் இலாகாவில் வேலை. ஒரு பாலம் முடிந்ததும் மூட்டை முடிச்சோடு அடுத்த ஆற்றங்கரைக்குக் கிளம்ப வேண்டியதுதான். எல்லாமே அரசாங்கக் குடியிருப்புகள். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, வண்ணம் மாற்றக்கூடாது. காலண்டர்கூட ஜன்னல் கம்பியில்தான் தொங்கும். ஆனால் போய் இறங்கிய முதல் நாள், கட்டிலை எங்கே போடுவது, மேசையை எங்கே போடுவது என்று அம்மாவும் அவளும் பொழுது சாயும்வரை இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள். அந்த ஒரு நாள் வீடு அவர்களுடையதாக இருக்கும். நாலு சுவருக்குள் கிடைக்கிற சுதந்திரம் என்றால் அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

கல்யாணமாகி வந்து சேர்ந்ததோ நூறு வருஷம் தாண்டிய ஒரு வீட்டுக்கு. தெருவைப் பார்த்த உயரமான மரக்கதவு, அதற்கு மேலே பச்சையும் மஞ்சளுமாக அரைவட்டக் கண்ணாடி. உள்ளே நுழைந்ததும் நீளமான நடை. நடையின் இரண்டு பக்கச் சுவரிலும் இடுப்பளவு உயரத்தில், வேலைப்பாடு செய்த மரச்சட்டம் ஒரு பட்டையாக ஓடும். பல தலைமுறைக் கைகள் பட்டு அது வழவழவென்று இருக்கும். நடையின் கடைசியில் சமையலறை. அதற்கு இருந்தது ஒரே ஒரு ஜன்னல். அதுவும் எட்டாத உயரத்தில். உச்சி வெயில் வேளையிலும் விளக்குப் போட்டால்தான் வெங்காயத்துக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியும்.

வந்த புதிதில் ஒருநாள், வெளிச்சம் வேண்டும் என்று முன்னறையில் ஒரு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். மாமியார் கோபக்காரி இல்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"இந்த வீட்டுல எதையும் இடம் மாத்தாதேம்மா. இருக்கிறது இருக்கிற இடத்துல இருக்கட்டும்."

அவ்வளவுதான். நாற்காலி பழைய இடத்துக்குப் போனது. அந்த ஒரு வாக்கியம் மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. மாமியார் இருந்தவரைக்கும் ஒரு முக்காலியைக்கூட அவள் அசைக்கவில்லை. இது என் வீடு இல்லை, இன்னொரு அரசாங்கக் குடியிருப்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வீட்டுக்குள் சுழல முடியாததை எல்லாம் மைதானத்தில் சுழன்று தீர்த்தாள்.

மாமியார் காலமான பிறகும் ஒன்றும் மாறவில்லை. வீட்டுக்காரருக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார், பார்க்க மாட்டார். அவருடைய அண்ணன், டீச்சருக்கு மூத்தார், கல்யாணம் செய்துகொள்ளாதவர். பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்னறையில் அவருடைய வாசம். அதிர்ந்து பேசாதவர். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால்கூட, "இன்னைக்கு உடம்புக்கு நல்லது" என்று சொல்லிச் சாப்பிடுவார். அவர் பிடிவாதம் பிடித்தது ஒரே விஷயத்தில்தான்.

"அம்மா வெச்ச மாதிரியே இருக்கட்டுமே" என்பார். அதற்குமேல் பேச்சே வளராது.

மகள் வேலை கிடைத்து வெளியூர் போனாள். வீடு இன்னும் பெரிதாகி, இன்னும் இருட்டானது. ஒருநாள் காலை, சமையலறைக் கூரையிலிருந்து ஒரு காரைப்பாளம் பெயர்ந்து கொதிக்கிற டீப் பாத்திரத்துக்குள் விழுந்தது. டீச்சர் அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே ஆர்க்கிடெக்டுக்குப் போன் போட்டுவிட்டாள்.

ஆர்க்கிடெக்ட் அவளுடைய பழைய மாணவிதான். ஓட்டப்பந்தயம் என்றால் வயிற்றுவலி வருகிற ரகம். இப்போது நெற்றியில் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, வீடு முழுக்கச் சுற்றினாள்.

"டீச்சர், முன்பக்கத்தைத் தொடவே வேண்டாம். கதவு, நடை, மாடிப்படி எல்லாம் அப்படியே இருக்கட்டும், பழுது மட்டும் பார்ப்போம். பின்சுவரை எடுத்துட்டு, தோட்டம் வரைக்கும் ஓர் அறையை நீட்டுவோம். இரும்புச் சட்டம், கண்ணாடி. பழசு பழசாத் தெரியணும், புதுசு புதுசாத் தெரியணும். பழசு மாதிரி வேஷம் போடுற புதுசு எனக்கு ஆகாது."

"எனக்கு வெளிச்சம் வந்தாப் போதும். எப்ப ஆரம்பிக்கிறே?"

"முதல்ல வரைபடம்..."

"அது சரி. எப்ப இடிப்பே?"

வீட்டுக்காரர் வழக்கம்போல் "பார்க்கலாம்" என்றார். "நீங்க பார்த்துக்கிட்டே இருங்க, நான் இடிச்சிடறேன்" என்றாள். மூத்தார் நடைவரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். கடைசியில், "நடையை மட்டும் தொடமாட்டாங்கதானே?" என்று கேட்டார். "தொடமாட்டாங்க அத்தான்" என்று அவள் வாக்குக் கொடுத்தாள். கொடுக்கும்போது உண்மையாகத்தான் கொடுத்தாள்.

வேலை தொடங்கியது. அடுப்பு மாடிப்படிக்குக் கீழே வந்தது, பாத்திரங்கள் குளியலறைக்குப் போயின, குளிர்பதனப்பெட்டி மூத்தாரின் அறை வாசலில் வந்து நின்றது. சாப்பாட்டிலும் தலையணையிலும் பல்துலக்கும் பிரஷ்ஷிலும் செங்கல் தூசி. டீச்சருக்கோ இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பீரியடுக்கும் அடுத்த பீரியடுக்கும் நடுவில் மேஸ்திரிக்குப் போன் போடுவாள். தரைக்குச் சாம்பல் நிறம் என்று முடிவு செய்வாள். மதியத்துக்குள் வெள்ளை என்பாள். சாயங்காலம் வந்து இரண்டையும் தரையில் பரப்பிச் சுற்றிச் சுற்றி நடப்பாள். மேஸ்திரி பெரிய உடம்புக்காரர், நிதானமானவர். "டீச்சர், நீங்க ஒரு இடத்துல நின்னு சொன்னா நான் அதைக் கட்டிடுவேன். நடந்துக்கிட்டே சொன்னா நான் எதைக் கட்டுறது?" என்று கெஞ்சினார்.

இந்த அமளியில் மூத்தாரைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. அவர் காலையில் வழக்கம்போல் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் தட்டை வைக்கப்போன டீச்சர், அவர் கையில் இருந்தது போன வாரத்துப் பேப்பர் என்று கவனித்தாள்.

"அத்தான், இது பழைய பேப்பர்."

"தெரியும்மா. இன்னும் முடிக்கலை."

பிழை திருத்துபவர் அல்லவா, ஒவ்வொரு எழுத்தாகப் பார்ப்பார்போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனாள். வாசலில் ஜல்லி வண்டி வந்து நின்றிருந்தது.

பின்சுவர் விழுந்த அன்று அவள் குழந்தைபோல் கைதட்டினாள். அந்த வீட்டின் வயிற்றுக்குள் முதல்முறையாக வெயில் நுழைந்தது. வெளிச்சம் நடையின் வாய்வரை வந்து, அங்கே ஒரு தடுப்புச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. நடையையும் சமையலறையையும் பிரித்த சுவர் அது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கை துறுதுறுத்தது.

"இதையும் எடுத்துட்டா வெளிச்சம் வாசல்வரைக்கும் வரும், இல்லையா?"

"வரும். ஆனா இன்ஜினியர் பொண்ணு படத்துல அது இல்லையே" என்றார் மேஸ்திரி. ஆர்க்கிடெக்டை அவர் அப்படித்தான் சொல்வார்.

"நான் அவகிட்ட சொல்லிக்கிறேன். பாரம் தாங்குற சுவரா?"

"இல்லை, வெறும் தடுப்புதான்."

"அப்போ எடுங்க."

தடுப்பு போனது. அதோடு மரப்பட்டையில் கடைசி இரண்டு முழமும் போனது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தடுப்பு போன இடத்துக்குச் சற்றுத் தள்ளி, இரும்புத்தூண் நிற்பதற்காகத் தோண்டியிருந்த குழியைப் பார்க்கவேண்டும் என்று, மேலே போட்டிருந்த பலகையை அவளே நகர்த்தினாள். பார்த்தாள். திருப்பி மூடுவதற்குள் வாசலில் யாரோ கூப்பிட, ஓடினாள்.

வாசலில் இருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஏதோ மூட்டை விழுந்த மாதிரி. பிறகு மூத்தாரின் குரல், ரொம்ப மெதுவாக, யாரையும் தொந்தரவு செய்ய விரும்பாத மாதிரி: "யாராவது வர முடியுமா?"

குழிக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். நெற்றியில் சிராய்ப்பு. மணிக்கட்டு ஒரு தினுசாகத் திரும்பியிருந்தது. நல்ல பகல், கண்ணைக் கூசும் வெளிச்சம், குழியோ கட்டில் அகலம். இதை எப்படி ஒரு மனுஷர் பார்க்காமல் விழுவார்?

அதே கேள்வியைத்தான் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட டாக்டரும் கேட்டார். ஒரு சின்ன விளக்கை மூத்தாரின் கண்ணுக்குப் பக்கவாட்டில் கொண்டுவந்தார். மூத்தார் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் விளக்கை இன்னும் இன்னும் முன்னால் கொண்டுவந்தார். மூக்குக்கு நேரே வந்தபோதுதான் மூத்தார், "ஆங், தெரியுது" என்றார்.

டாக்டர் டீச்சரைப் பார்த்தார். "இவருக்குப் பார்வை எப்போதிலிருந்து இப்படி இருக்கு?"

டீச்சர் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் அண்ணனைப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை.

கண் டாக்டர் விளக்கமாகச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போயிருக்கிறது. ஒரு கண்ணில் ஒன்றும் மிச்சமில்லை. இன்னொன்றில் நடுவில் ஒரு பொட்டு அளவுக்குத்தான். சாவித் துவாரத்து வழியாக உலகத்தைப் பார்ப்பது போல. போனது போனதுதான்; மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இருந்ததா?"

மூத்தார் கைக்கட்டின் நுனியைத் தடவினார். பிறகு, "அம்மாவுக்கு" என்றார்.

"அம்மாவுக்கா?" என்று எழுந்தே விட்டார் வீட்டுக்காரர். "அம்மாவுக்கு நல்லாத்தானே கண்ணு தெரிஞ்சுது?"

"உனக்குத் தெரியாது. சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. புதுசா வந்த பொண்ணு பயந்துடும்னு. வெளியில தெரிஞ்சா உன் கல்யாணத்துக்கே ஏதாவது சொல்லியிருப்பாங்கன்னும் பயம். வீடு மனப்பாடம் அவங்களுக்கு. எது எங்கே இருக்குன்னு கைக்குத் தெரியும். எல்லாம் அதது இடத்துல இருந்தா சமாளிச்சுக்குவாங்க."

டீச்சர் எழுந்து வெளியே வந்தாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். இத்தனை வருஷம் அவள் யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்? அதிகாரம் என்று நினைத்தது அதிகாரமே இல்லை. ஒரு மனுஷி நாற்காலி நாற்காலியாகத் தொட்டு நடந்து போயிருக்கிறாள், அவ்வளவுதான். சொல்லியிருக்கலாமே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன கடித்தா தின்றிருப்பேன்? கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரு நர்ஸ், "அம்மா, கொஞ்சம் உட்காருங்க" என்றாள். முடியவில்லை.

இரத்த சம்பந்தமுள்ள எல்லோரும் கண்ணைக் காட்டவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் "பார்க்கலாம்" என்று ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் வாக்கியம் பாதியில் நின்றது. மறுநாளே போனார்கள். அவருக்கும் அழுத்தம் கூடியிருந்தது. ஆனால் நரம்பு இன்னும் கெடவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள், மருந்தை விடாமல் போட்டால் பயப்பட வேண்டாம் என்றார்கள். வெளியே வந்ததும் அவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் பக்கத்தில் நின்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். மகளுக்குப் போன் போட்டாள். அவள் அங்கேயே பரிசோதித்து, ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் இருவருக்கும் சோறு இறங்கியது.

வீட்டு வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டாள். சுவர் போன இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. காற்றடிக்கும்போதெல்லாம் அது படபடவென்று அடித்துக்கொள்ளும். எழுந்து போய் முடிச்சை இறுக்குவாள். திரும்பி வருவதற்குள் இன்னொரு முனை அவிழும். ஆர்க்கிடெக்ட் வந்தால் பேச மாட்டாள். மேஸ்திரி போன் போட்டால் எடுக்க மாட்டாள். ஒருநாள் திடீரென்று மேஸ்திரியை வரவழைத்து, "எல்லாத்தையும் பழையபடி கட்டிக் கொடுத்துடுங்க. அந்தத் தடுப்பையும் சேர்த்து" என்றாள்.

முன்னறையிலிருந்து மூத்தாரின் குரல் வந்தது. அவர் குரல் உயர்ந்து அந்த வீடு கேட்டது அன்றைக்குத்தான்.

"கட்டக்கூடாது!"

அவள் போய் அவர் எதிரில் நின்றாள். "உங்களுக்காகத்தான் அத்தான்."

"அதுதான் வேண்டாங்கறேன். அம்மாவுக்காக நீ இத்தனை வருஷம் இருட்டுல சமைச்சே. ஏன்னுகூட உனக்குத் தெரியாது. தெரிஞ்ச நான் வாயைத் திறக்கலை. இனி எனக்காகவும் இருட்டுல நிப்பியா? அந்தப் பாவத்தையும் என் தலையில ஏத்தாதே."

"நீங்க மறுபடி விழுந்தா?"

"விழுந்தா எழுந்திரிக்கிறேன். நீ பள்ளிக்கூடத்துல அதைத்தானே சொல்லிக் கொடுக்கிறே?"

அவர் எழுந்து, கோபத்தில், நடையில் இறங்கிப் பின்பக்கம் பார்க்க நடந்தார். அவள் பதறிப் பின்னாலேயே போனாள். பிடிக்கவில்லை, ஓரடி தள்ளி நடந்தாள். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தாள். நல்ல கையின் விரல்கள் மரப்பட்டைமேல் ஓடிக்கொண்டே போயின. அழுத்திப் பிடிக்கவில்லை, சும்மா தடவிக்கொண்டு போயின. பட்டையில் ஓர் இடத்தில் சின்னப் பள்ளம். அங்கே வந்ததும் குளியலறைக் கதவு திறந்துகொள்ளும் இடம் என்று தெரிந்து சற்று விலகினார். நிமிர்ந்து, வேகமாக, பார்வை உள்ளவர்போலவே நடந்தார். பட்டை முடிந்த இடத்தில் கை அந்தரத்தில் நின்றது. கூடவே ஆளும் நின்றார். வெட்டிப்போட்ட மாதிரி.

டீச்சர் அங்கிருந்தே ஆர்க்கிடெக்டுக்குப் போன் போட்டாள். "உடனே வா. படத்தையும் எடுத்துக்கிட்டு வா."

அன்று சாயங்காலம் மூத்தார், டீச்சர், ஆர்க்கிடெக்ட் மூன்று பேரும் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து பேசினார்கள். டீச்சர் நடுநடுவே எழுந்து நடந்தாள் என்பதையும் சொல்லவேண்டும். மரப்பட்டை புது அறைக்குள்ளும் போகவேண்டும் என்றாள் அவள். பழைய வேலைப்பாட்டை நகல் எடுக்க மாட்டேன் என்றாள் ஆர்க்கிடெக்ட். நகல் யார் கேட்டது, அத்தான் கை தடவிக்கொண்டே போகவேண்டும், அவ்வளவுதான் என்றாள் டீச்சர். ஆர்க்கிடெக்ட் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

"அதே உயரம். ஆனா வேலைப்பாடு இல்லாத நேரான பட்டை, கருப்பு இரும்புச் சட்டத்துல பொருத்தினது. பழசு முடியற இடத்துல சின்ன இடைவெளிகூட இல்லாம சேர்த்துடலாம். கண்ணுக்கு ரெண்டும் வேற, கைக்கு ஒண்ணு."

"தரை?" என்று கேட்டார் மூத்தார். "எனக்கு வெள்ளை வேண்டாம்மா. வெள்ளைத்தரை, வெள்ளைச் சுவர், எதிர்ல வெயில்னா எனக்குப் பால்ல முக்கின மாதிரி இருக்கும். எது தரை, எது சுவர்னு ஒண்ணும் தெரியாது."

ஆர்க்கிடெக்ட் தன் படத்தைப் பார்த்தாள். வெள்ளைத்தரை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பென்சிலால் அதைக் கோடிட்டு அடித்தாள். தரை அடர்த்தியான நிறமானது. தோட்டத்துக்கு இறங்கும் படி போய், சரிவு வந்தது. மேலே கண்ணாடியில் பாதியை மூடி, வெயில் பக்கவாட்டில் வரும்படி மாற்றினாள். "என்னோட படம் இப்போ படமாவே இல்லை" என்று முணுமுணுத்தாள். ஆனால் அடுத்த நாள் கொண்டுவந்த புதுப் படம் முதல் படத்தைவிட நன்றாக இருந்ததை அவளே ஒத்துக்கொண்டாள்.

மறுபடியும் தூசி, சத்தம், போன். டீச்சர் மறுபடியும் சுழன்றாள். ஆனால் ஒரு வித்தியாசம். ஏதாவது இடம் மாறினால் வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்லவேண்டும் என்று சட்டம் போட்டாள். "ஏணி நடை ஓரம்!", "சிமெண்ட் மூட்டை படிக்குக் கீழே!" என்று மைதானக் குரலில் அவள் கத்த, மேஸ்திரியின் ஆட்களும் கத்தப் பழகிவிட்டார்கள். வீட்டுக்காரர்கூட ஒருநாள் கூச்சத்தோடு, "என் செருப்பு வாசல் நடுவுல" என்று அறிவித்தார். அறிவித்ததற்குப் பதில் ஓரமாகப் போட்டிருக்கலாம் என்று மூத்தார் சொன்னார்.

அறை முடிந்தபோது பெரிய விழா ஒன்றும் நடக்கவில்லை. மூத்தார் நடையில் கிளம்பி, பட்டையைத் தடவியபடி, பழைய மரத்திலிருந்து புது மரத்துக்குப் போனார். சேரும் இடத்தில் ஒரு நொடி விரலை நிறுத்தி முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தார், அச்சுக்கோர்த்ததில் பிழை தேடுகிற மாதிரி. மேற்கொண்டு நடந்தார். பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி மூச்சை விட்டார்.

இப்போது அவர் காலைப்பொழுதெல்லாம் அங்கேதான். பேப்பர் படிப்பதாக நடிப்பதை விட்டுவிட்டார். வீட்டுக்காரர் ஆபீஸ் போகும்முன் தலைப்புச் செய்திகளை உரக்க வாசிக்கிறார். எங்கேயாவது வாக்கியம் தவறாக இருந்தால், கேட்கிற மூத்தாருக்கு வாசிக்கிறவர்மேல்தான் கோபம் வருகிறது. டீச்சர் அடுப்பருகே நின்றபடி மாமியாரை நினைக்கிற நாட்கள் உண்டு. சில நாள் மனம் இளகும், சில நாள் இன்னும் கோபம்தான் வரும். இரண்டும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

முதல் மழை வந்தது. கண்ணாடிமேல் மழை விழும் சத்தத்தில் யாருக்கும் யார் பேச்சும் கேட்கவில்லை. மூத்தார் கையை உயர்த்தினார்.

"எங்கேயோ சொட்டுது."

"மழைதான் அண்ணா" என்றார் வீட்டுக்காரர்.

"இது உள்ளே சொட்டுது. எனக்கு இடது பக்கம்."

டீச்சர் தேடினாள். பழைய சுவரும் புதுக் கூரையும் சேரும் மூலையில், நூல்போல ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. "பக்கெட் இடது மூலையில!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து வைத்தாள். ஒரு கையால் ஆர்க்கிடெக்டுக்கும் மறு கையால் மேஸ்திரிக்கும் போன் போட்டாள். இருவருமே மழை நின்றதும் வருவதாகச் சொன்னார்கள். மழை நிற்கிறவரை காத்திருக்க அவளால் முடியவில்லை. முக்காலியை இழுத்து மேலே ஏறி, துணியை மடித்து இடுக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். கீழே அண்ணனும் தம்பியும், துணி போதுமா, தார் வேண்டுமா என்று ஒருவரை ஒருவர் மறித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.